புதன்கிழமைப் பாவு

செங்காட்டுப்புதூரில் எல்லாம் திறந்தாயிற்று, பள்ளிக்கூடத்தைத் தவிர.

முதலில் திறந்தது கள்ளுக்கடை. ஜனங்கள் காட்டுக் குடிசைகளை விட்டு ஊருக்குள் வந்த மறுநாளே அது திறந்துவிட்டது. பானை கழுவின ஈரம்கூடக் காய்ந்திருக்காது. அப்புறம் செக்கு ஓடியது. ஜலகண்டாபுரம் சந்தைக்கு வண்டி கட்டினார்கள். மாசிக் கடைசியில் ஒரு கல்யாணமே நடந்தது. முந்நூறு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து, பாயசம் போதவில்லை என்று சண்டையும் போட்டார்கள். அதனாலெல்லாம் யாருக்கும் பிளேக் நெறி கட்டவில்லை. பள்ளிக்கூடம் என்ற பேச்சை எடுத்தால் மட்டும் ஊருக்கே காய்ச்சல் வந்துவிடும்.

காரணம் இல்லாமலும் இல்லை. தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு ஐப்பசியில் முதல் எலி செத்து விழுந்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். கரும்பலகைக்குப் பின்னாலிருந்து வந்து, பிள்ளைகள் நடுவில் கள் குடித்ததுபோல் சுற்றிச் சுற்றி ஆடி விழுந்தது. பிள்ளைகள் அதன் வாலைப் பிடித்துத் தூக்கி விளையாடினார்கள். நாலாம் நாள் ஊர்த் தலைவரான காரியக்காரர் தண்டாயுதபாணியின் பேரனுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டியது. ஆறாம் நாள் அவன் இல்லை. அவனோடு சேர்த்து ஒன்பது பேர் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய், சோளத்தட்டில் குடிசை போட்டு, மண்ணில் தறிக்குழி வெட்டி, மார்கழிப் பனியில் இருமிக்கொண்டே நெய்தார்கள். சுகாதார ஆட்கள் வந்து ஊர் முழுக்க மருந்தடித்தார்கள். வெயில் இறங்கட்டும் என்று வீடுகளுக்கு ரெண்டு வரிசை ஓட்டைப் பிரித்தவர்கள், பள்ளிக்கூடத்துக்கு மொத்த ஓட்டையும் பிரித்து அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். திரும்ப மேய யாரும் வரவில்லை. ஊரும் போய்க் கேட்கவில்லை.

கேட்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லாத ஐந்து மாதத்தில் பிள்ளைகளின் கைகள் ராட்டைக்குப் பழகிவிட்டன. காலையில் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை நூல் சுற்றித் தரும் கையை யார் விடுவார்கள்? மாரியாத்தாள் பூக் கொடுத்து உத்தரவு சொல்லட்டும் என்றார் காரியக்காரர். கொடுக்கட்டும், அவசரமில்லை என்றது ஊர்.

அவசரம் அங்கம்மாளுக்குத்தான்.

அங்கம்மாள் மருதாசலத்தின் பெண்டாட்டி. மருதாசலம் நல்ல நெசவாளி. தறிக்குழிக்குள் காலை விட்டுவிட்டால் உலகமே அந்தக் குழிதான் அவனுக்கு. வெளியே வந்தால் ஆட்டுக்குட்டியைக் கண்டாலும் வழி விட்டு நிற்பான். அவர்களுக்கு ரெண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவள் பாவாயிக்குப் பத்து வயது, அஞ்சாம் வகுப்பு. இளையவன் வேலுசாமிக்கு அஞ்சு வயது. ஒன்பது பேரில் அவனும் ஒருவன்.

அந்தச் சாவைப் பற்றி அங்கம்மாள் யாரிடமும் பேசியதில்லை. ஊருக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஊரும் பேசவில்லை.

எலி விழுவதற்குப் பத்து நாள் முன்னால், பாவடியில் இருக்கும் கல்லில் ஒருவன் காகிதம் ஒட்டிவிட்டுப் போனான். பாவடி என்பது பாவை, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு நூலை, நீட்டிப் போடும் பொட்டல். ஊர் நடுவில், வேப்பமரங்களின் நிழலில் நீளமாகக் கிடக்கும். காகிதத்தில் முத்திரை இருந்தது. வாத்தியார் தீபாவளிக்கு ஆத்தூர்ப் பக்கம் தன் ஊருக்குப் போயிருந்தார். பாவாயி எட்டி நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிளேக் ஊசி போட செவ்வாய்க்கிழமை வருகிறார்கள், குழந்தைகளுக்கு முதலில், எல்லோரும் அவரவர் வீட்டில் இருக்க வேண்டும்.

"ஊட்டுல இருக்கச் சொல்றானா?" என்று காரியக்காரர் சிரித்தார். "ஊசியும் இல்ல, நூலும் இல்ல. தறி எண்ண வாறானுங்கொ. வரி போடறவன்தான் ஊட்டுல இருக்கச் சொல்லுவான். புள்ள என்னமோ ஒளறுது."

சர்க்கார் ஆள் வந்தால் தறியைப் பிரித்துப் போட்டுவிட்டுக் காட்டுக்குப் போய் ஒளிந்துகொள்வது நெசவுக்காரர்களுக்குப் பாட்டன் காலத்துப் பழக்கம். செவ்வாய்க்கிழமை ஊரே ஒளிந்துகொண்டது. "ஊசிதாம்மா, நான் படிச்சேன்" என்று பாவாயி அடம்பிடித்தபோது அங்கம்மாள் அவளை ஓங்கி ஓர் அறை அறைந்து, இழுத்துக்கொண்டு போய்ச் சோளக்காட்டில் உட்கார வைத்தாள். வேலுசாமி மடியில் இருந்தான். ஊசிக்காரர்கள் பூட்டின வீடுகளைப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

பங்குனி பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வாத்தியார் சண்முகவேல் வீட்டுக்கு வந்தபோது அங்கம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒல்லியான மனிதர். இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷமாகியும் வாசலில் நின்று செருமிவிட்டுத்தான் கூப்பிடுவார். களியும் பண்ணைக்கீரையும் வைத்து உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்து சாப்பிடாமல் ஒரு கடிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரு புதன்கிழம வராரும்மா," என்றார். "அன்னைக்குப் பள்ளிக்கூடம் நடந்தா நடந்தது. இல்லன்னா எடுத்துக்கினு போயி வெள்ளக்கரட்டுல வெச்சிடுவாங்க. பலகை, ரிஜிஸ்டரு, நானு, எல்லாத்தையும்."

"வெள்ளக்கரடு நாலு மைலுங்களே. அத்தன தூரம் பொட்டப்புள்ளைய ஆரு அனுப்புவா?"

"யாரு அனுப்பறா. பொட்டப்புள்ளைங்களோட படிப்பு அதோட சரி. ஆம்பளப் பசங்கள்லயும் நாலு பேரு போனா அதிசயம்."

"எத்தன புள்ளைங்க இருக்கோணும்?"

"இருவது பேரு உக்காந்திருந்தாப் போதும். கட்டடத்துக்கு ஓடு இல்லன்னு அவங்களுக்கும் தெரியும். வெட்டவெளியா இருந்தாலும் பரவால்லன்னு எழுதியிருக்குது."

பாவாயி ராட்டையை நிறுத்திவிட்டாள். மருதாசலம் தறிக்குழிக்குள்ளிருந்து தலையை மட்டும் தூக்கினான்.

"அதெல்லாம் நம்ம கையில என்ன இருக்குது. காரியக்காரரு சொல்லியாச்சில்ல. ஆத்தா பூக் குடுக்கற வரைக்கும் பொடுசுங்கள ஒண்ணா சேக்கப்படாதுன்னு."

"ஏனுங்க, கண்ணாலத்துக்கு ஆத்தாகிட்டப் பூக் கேட்டாங்களா? அன்னைக்குப் பந்தியில நாப்பது பொடுசு ஒண்ணா உக்காந்துதுங்களே, அதுக்குக் கேட்டாங்களா? கள்ளுக்கடைக்குக் கேட்டாங்களா? பாயசத்துக்கு வராத பிளேக்கு பலகைக்கு மட்டும் வருமாக்கும்."

"ஏய், மெதுவாப் பேசு புள்ள."

"மெதுவாப் பேசிப் பேசித்தான் ஒண்ணக் குழியில வெச்சோம்."

மருதாசலம் தலையைக் குழிக்குள் இழுத்துக்கொண்டான். வாத்தியார் களியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"நான் போயிக் கேக்கறேனுங்க," என்றாள் அங்கம்மாள். "நீங்க சாப்புடுங்க. களி ஆறிப்போச்சுன்னாத் தொண்டையில எறங்காது."

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் போனபோது காரியக்காரர் வாசலில் பாவைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். நெட்டையான மனிதர். அறுபது வயதிலும் பாவுக் கஞ்சியை நீவும் பிரஷ்ஷான புருசைப் பிடித்தால் இளவட்டங்கள் பின்தங்கிவிடுவார்கள். சொன்ன சொல் மாறாதவர். பேரன் போனதிலிருந்து சொல்லையே குறைத்துவிட்டார். உள்ளே அவருடைய மருமகள் தெய்வநாயகி பாவுக்குக் கஞ்சி காய்ச்ச அரிசி களைந்துகொண்டிருந்தாள். செத்துப்போனது அவளுடைய பையன்தான். அவளும் அவளுடைய சின்னப் பெண் கண்ணாத்தாளும் இருக்கிற இடம் தெரியாமல் அந்த வீட்டில் இருந்தார்கள்.

அங்கம்மாள் விஷயத்தைச் சொன்னாள். காரியக்காரர் முடிச்சைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"முடியாதம்மிணி," என்றார். "எம் பேரன் அங்கதான் போனான்."

"அங்க போகலீங்க மாமா. பாவடியில உக்காரட்டும். மேல வானம், கீழ மண்ணு. எலி ஒளியறதுக்கு எடம் எங்கீங்க?"

"எடத்தப் பத்திப் பேசல. ஒண்ணாச் சேக்கறதுதான் வெனை. உம் பையனும் போனவன்தான? உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாம ஆருக்குத் தெரியுமுங்க." அவள் குரல் உயர்ந்துவிட்டது. "அது பள்ளிக்கூடத்துக்குப் போன புள்ளையே இல்ல. எம் மடியில கெடந்த புள்ள. அது எதனால போச்சுன்னு சொல்லட்டுங்களா? எம் மக படிச்சுச்சு. ஊசின்னு படிச்சுச்சு. நீங்க சிரிச்சீங்க. நான் அடிச்சேன். ரெண்டு பேருந்தான் கொன்னோம். பள்ளிக்கூடம் கொல்லலீங்க."

உள்ளே அரிசி களையும் சத்தம் நின்றுவிட்டது. காரியக்காரரின் விரல்கள் முடிச்சிலேயே இருந்தன. அவரை எதிர்த்து இந்த மாதிரி யாரும் பேசியதில்லை, அதிலும் ஒரு பெண்பிள்ளை. கோபம் வந்திருந்தால் அங்கம்மாளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"போ தாயி," என்றார் கடைசியில். "நாளைக்கு எங்கூட்டு முறை. பாவடி முழுக்க எம் பாவுதான் கெடக்கும். பொடுசுங்க காலு வெக்க எடம் இருக்காது. வாரதா இருந்தா நீ கை குடுக்க வா."

அவள் திரும்பி நடந்தாள். கிணற்றடி வரைக்கும் அழுகையாக வந்தது. கிணற்றடி தாண்டினதும் நின்றாள். கை குடுக்க வா என்றாரே, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

பாவடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் முறை. ஆனால் எந்த வீட்டாலும் தனியாகப் பாவு போட முடியாது. முப்பது கஜப் பாவை நீட்டி, கஞ்சி தடவி, அது காய்வதற்குள் நாலு ஆண்கள் புருசைப் பிடித்துக்கொண்டு போகவும் வரவும் நடக்க வேண்டும். நடக்க நடக்க இழை அறும். ரெண்டு பக்கமும் பன்னிரண்டு பேராவது நின்று அறுந்த இழையைத் தேடிப் பிணைக்க வேண்டும். அதற்குப் பெண்களின் விரல்தான் சரி. இதற்குக் கூலி கிடையாது. இன்றைக்கு என் வீட்டுக்கு நீ, நாளைக்கு உன் வீட்டுக்கு நான். கை வராத வீட்டுப் பாவு வெயில் ஏறினதும் முறுக்கிக்கொண்டு விறகுக்கட்டாகிவிடும்.

அன்று மத்தியானம் அங்கம்மாள் சின்னாயி வீட்டுக்குப் போனாள். சுப்பம்மாள் வீட்டுக்குப் போனாள். பதினோரு வீடு ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுத்தான்.

"வெடியக்காலம் கை குடுக்கப் போறீங்கல்ல? புள்ளைங்களையும் கூட்டியாங்கொ."

"காரியக்காரரு சும்மா உடுவாரா?" என்று கேட்டாள் சின்னாயி.

"உடமாட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் நாம புள்ளைங்களக் கொண்டுபோயி ஊட்டுல உட்டுப்போட்டு வரலாம். மெதுவா."

சின்னாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு, "எம் பையன் ராட்டைய உட்டுப்போனா எனக்கு நூலு ஆரு சுத்தறது?" என்றாள்.

"நீதான். முன்ன ஆரு சுத்துனா?"

புதன்கிழமை கோழி கூப்பிடும்போதே பாவு நீண்டுவிட்டது. குச்சிகளின்மேல் வேப்பமரத்திலிருந்து வேப்பமரத்துக்கு வெள்ளையாகக் கிடந்தது. காரியக்காரரும் மருதாசலமும் சென்னிமலை என்ற நெசவுக்காரரும் இன்னொருவரும் கஞ்சி தடவி முடித்தார்கள். பனியில் புளித்த கஞ்சி வாசம் அடித்தது. கை குடுக்கும் பெண்கள் இன்னும் வரவில்லையே என்று காரியக்காரர் தெருவைப் பார்த்தார்.

வந்தார்கள். அங்கம்மாளையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள், இருபத்திரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் கையில் பலகை. பின்னால் வாத்தியார், கரும்பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, குளத்தில் இறங்குகிறவரைப்போலத் தயங்கித் தயங்கி வந்தார்.

"இதென்ன கூத்து?" என்றார் காரியக்காரர். "பொடுசுங்கள ஊட்டுக்கு அனுப்புங்கொ."

"சரிங்க மாமா," என்றாள் அங்கம்மாள். உடனே திரும்பினாள். பன்னிரண்டு பெண்களும் திரும்பினார்கள்.

"நீங்க எங்க போறீங்கொ?"

"புள்ளைங்கள உட்டுப்போட்டு வாரோமுங்க. சும்மா உட முடியுங்களா? மூலையில முடுக்குல எலி கிடக்குதான்னு பாக்கோணும். எலின்னாத்தான் இப்ப எல்லாத்துக்கும் பயமாச்சே."

"எத்தன நேரமாகும்?"

"மத்தியானத்துக்குள்ள வந்துருவோமுங்க."

கிழக்கே வெளுத்துவிட்டது. பாவில் எங்கோ ஓர் இழை அறுந்து தொங்கியது. பக்கத்தில் இன்னொன்று. புருசைப் பிடித்திருந்த மருதாசலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணுக்கு எதிரில் ஒரு பாவு கெடுவதை அவனால் தாங்க முடியாது, அது யாருடையதாக இருந்தாலும். பெண்டாட்டிக்காக அவன் ஆயுளில் செய்த பெரிய காரியம் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான்.

"அம்மிணி, இது நாயமில்ல," என்றார் காரியக்காரர். "பாவ வெச்சுக்கிட்டு வம்பு பண்ணப்படாது."

"புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நீங்க பண்ணலாமுங்களா?" அங்கம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். "அவுங்க ரெண்டு பக்கமும் மரத்தடியில உக்காருவாங்க. நாங்க இழை புடிக்கறோம். ஒரு பொடுசு பாவத் தொட்டா எங் கைய ஒடிங்க. வேண்டாமுன்னு சொல்லுங்க, போயிடறோம். வெயில் வந்துக்கிட்டு இருக்குதுங்க மாமா."

காரியக்காரர் வெளுத்த கிழக்கைப் பார்த்தார். அவர் சொல்லியிருப்பார், வேண்டாம் போங்கள் என்றே சொல்லியிருப்பார், பாவு போனால் போகட்டும் என்கிற பிடிவாதம் அவருக்கு உண்டு. அதற்குள் அவர் வீட்டுப் பக்கமிருந்து தெய்வநாயகி வந்தாள். இடது கையில் கஞ்சிச் சட்டி, வலது கையில் கண்ணாத்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. பெண்ணைக் கொண்டுபோய் மரத்தடியில் உட்கார வைத்தாள். முந்தானையிலிருந்து ஒரு பலகையை எடுத்துப் பெண்ணின் மடியில் வைத்தாள். அது செத்துப்போன பையனுடைய பலகை.

"ஏம்மா, நீயுமா?" என்றார் காரியக்காரர்.

"அவன் எலியாலதான் போனானுங்க மாமா. எழுத்தால போகலீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு பாவின் பக்கத்தில் போய் நின்று முதல் இழையைப் பிணைத்தாள். காரியக்காரர் அவள் பிணைத்த இழையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் புருசைத் தூக்கினார்.

"என்ன வேடிக்க பாக்கறீங்கொ? கையப் போடுங்கொ, காயுது!" என்று எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார்.

இன்ஸ்பெக்டர் வெயிலுக்குப் பயந்து ஏழரை மணிக்கே சைக்கிளில் வந்துவிட்டார். ஒரு பக்கம் பிள்ளைகள் எட்டாம் வாய்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பாவு வேலை ஓடிக்கொண்டிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது பள்ளிக்கூடமா, நெசவுக் களமா?" என்று கேட்டார். வாத்தியாருக்கு வாய் குழறியது.

"ரெண்டுந்தானுங்க," என்றாள் அங்கம்மாள், இழையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தலைகளை எண்ணினார். இருபத்து மூன்று. பெரிய பெண்ணாகப் பார்த்துப் பாவாயியை எழுப்பி, தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, இதுவரை அவள் கண்ணால் காணாத ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். அவள் படித்தாள். ஏதோ மழையைப் பற்றிய பாடம். முதல் வரியில் திக்கினாள், அப்புறம் திக்கவில்லை. அங்கம்மாளுக்குக் கண் மறைத்தது, இழை தெரியவில்லை. மகள் படிப்பது சரியா தப்பா என்று அங்கம்மாளுக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் நம்பினாள். அன்றைக்கே இப்படி நம்பியிருக்கலாமே என்று நினைத்தாள். கஞ்சிக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் காரியக்காரரிடம் போனார். "பெரியவரே, கொஞ்சம் நில்லுங்கள்."

"நிக்கப்படாதுங்க, பாவு காஞ்சுரும். கேக்கறத நடந்துக்கிட்டே கேளுங்கொ."

இன்ஸ்பெக்டரும் பாவோரமாகக் கூடவே நடந்தார், போகவும் வரவும். பார்த்த பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கள் சம்மதத்தோடுதான் இங்கே பள்ளிக்கூடம் நடக்கிறதா?"

காரியக்காரர் பாவின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பினார். அங்கம்மாளின் விரல்கள் நின்றுவிட்டன. இன்னும் பாதிப் பாவு ஈரமாகத்தான் இருந்தது.

"நடக்குதுங்களே, கண்ணுல தெரியலீங்களா?" என்றார்.

இன்ஸ்பெக்டர் சைக்கிள் சீட்டின்மேல் காகிதத்தை வைத்து எழுதினார். எழுதினதை வாத்தியாரிடம் படித்துக் காட்டினார். ஓடு மேயச் சொல்லி எழுதுகிறேன், ஒரு மாதம் ஆகலாம், அதுவரை இங்கேயே நடக்கட்டும், ஆனால் நடுவில் ஒரு நாள் நின்றது என்று காதில் விழுந்தாலும் வெள்ளக்கரட்டுக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

ஒன்பது மணிக்குப் பாவு காய்ந்தது. நல்ல பாவு, ஓர் இழை தொங்கவில்லை. காரியக்காரர் அதைச் சுருட்டிக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு அங்கம்மாள் முன்னால் வந்து நின்றார்.

"இன்னிக்கு ஒரு நாளுதான் அம்மிணி. அந்தாளு முன்னால உன்னைய உட்டுக்குடுக்க வேண்டாமுன்னு சொன்னேன். பாத்துக்க."

"நாளைக்கு சென்னிமல அண்ணனூட்டு முறைங்க மாமா. அவுங்களுக்கும் பன்னண்டு பேரு வேணுமுங்களே."

"அதுக்கு மக்யா நாளு?"

"எங்கூட்டு முறை. உங்கூட்டுலயிருந்து தெய்வநாயகிய அனுப்புங்க. கண்ணாத்தாளையும் சேத்து அனுப்புங்க."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மரத்தடியில் கண்ணாத்தாள் நாக்கைத் துருத்திக்கொண்டு பலகையில் 'அ' எழுதி, அது பிடிக்காமல் எச்சில் தொட்டு அழித்து, மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நடந்தார்.

அங்கம்மாள் வாத்தியாரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏனுங்க வாத்தியாரே, நாளைக்கும் கோழி கூப்புடறப்பவே வந்துருங்க. மசமசன்னு நிக்காதீங்க. இந்த ஊருல தெனம் ஆரு ஊட்டுப் பாவாச்சும் நனஞ்சுதானுங்க கெடக்கும்."